நான்கு இதழ் நாயகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் மூன்று நண்பர்கள். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாரும் சீந்தாதவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள். நாலு இதழோடு நின்றுபோன நாயகர்கள், ஒரே வருஷத்தில் கடையைக் கட்டிய பதிப்பகங்கள் என்று சந்தித்தால் விடிய விடிய இதே பேச்சுதான். போன வாரம் 1966இல் வந்த ‘கேப்டன் மார்வெல்’ பற்றிப் பேசிச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ‘ஸ்ப்ளிட்’ என்று கத்தினால் கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் பறக்கும் நாயகன்! இப்படியெல்லாம் போட்டால் கம்பெனி எப்படி நிற்கும்? தரமானது நிற்கும், மட்டமானது போகும், அவ்வளவுதானே? 90களில் முளைத்த பதிப்பகங்கள் எல்லாமே குப்பை என்பதும் என் கட்சி.

என் கேள்வி இதுதான். 1975இல் அட்லஸ் பதிப்பகம் போட்ட இதழ்கள் என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. தரச்சான்று வாங்கி ‘ஸ்லாப்’ செய்து, அதாவது கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து, வைக்கலாமா? பிற்காலத்தில் விலை ஏறுமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது ‘ஃபன்னிமேன்’ இதழ்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மனசு கனத்துக் கிடந்த சமயத்தில் உங்கள் சிரிப்பு வந்து சேர்ந்தது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தை விடிய விடியப் பேச உங்களுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

90கள் குப்பை என்பதற்கு நீளமாகப் பதில் சொல்ல மாட்டேன். 1993இல் ட்வேன் மெக்டஃபி, டெனிஸ் கோவன் முதலானோர் சேர்ந்து தொடங்கிய மைல்ஸ்டோன் பதிப்பகம் நாலு வருஷம்தான் தாக்குப்பிடித்தது. ‘ஸ்டாட்டிக்’, ‘ஐகான்’, ‘ஹார்ட்வேர்’ மூன்றையும் படித்துவிட்டு வந்து அந்த வார்த்தையை மறுபடி சொல்லுங்கள். படிக்காமல் சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். அப்புறம் பார்ப்போம்.

இப்போது அந்த ஸ்ப்ளிட் கேப்டனுக்கு வருகிறேன். அதை உருவாக்கியவர் யார் என்று உங்கள் மூவரில் ஒருவராவது கேட்டீர்களா? கார்ல் பர்கோஸ். 1939இல் ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழில் ‘ஹ்யூமன் டார்ச்’சைப் படைத்தவர். காற்று பட்டதும் தீப்பிடித்து எரியும் செயற்கை மனிதன். அப்போது பர்கோஸுக்கு 23 வயது. இன்று மார்வெல் என்று உலகம் அறிந்திருக்கும் மாளிகைக்கு முதல் கற்களில் ஒன்றை வைத்த கை அது. 1961இல் அதே பெயரையும் அதே நெருப்பையும் எடுத்து ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பத்திரிகையில் வேறொரு இளைஞனுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை முதலில் 28 ஆண்டுகள். முடியும் தறுவாயில் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கிய சமயத்தில் பர்கோஸ் தன் நாயகனைத் திரும்பப் பெறச் சட்டப்படி முயன்றார். கிடைக்கவில்லை. அதே 1966இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ஆண்டு இதழில் பழைய டார்ச்சைப் பல வருஷம் கழித்துக் கொண்டுவந்து, அந்தக் கதை முடிவதற்குள் செயலிழக்க வைத்தார்கள். அந்தக் கோடையில் ஒரு நாள் பர்கோஸ் தான் சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் சம்பந்தப்பட்ட அத்தனையையும் வீட்டுக் கொல்லையில் குவித்து வெளியே எறிந்தார் என்று அவருடைய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்பாவிடம் அப்படி ஒரு சேகரிப்பு இருந்ததே அன்றைக்குத்தான் மகளுக்குத் தெரியும்.

சேகரிப்பவர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள் இல்லையா? அந்தக் குவியலை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது அந்த மனிதரின் அதே வருஷத்து வேலையைப் பார்த்துத்தான். மைரன் ஃபாஸின் எம்.எஃப். என்டர்பிரைசஸ் என்ற சின்னப் பதிப்பகம், 1953இல் ஃபாசெட் என்ற பதிப்பகம் கைவிட்ட ‘கேப்டன் மார்வெல்’ என்ற பெயரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாயகன் வேண்டும் என்றது. பர்கோஸ் மறுபடியும் ஒரு செயற்கை மனிதனையே கொடுத்தார். ‘ஸ்ப்ளிட்’ என்றால் உடம்பு துண்டு துண்டாகப் பிரியும், ‘ஸாம்’ என்றால் கூடும். முதல் இதழின் வில்லனுக்கு ‘ப்ளாஸ்டிக் மேன்’ என்று வேறொருவர் நாயகனின் பெயரையே வைத்தார்கள். அவசர வேலை, ஒப்புக்கொள்கிறேன். படமும் சுமார்தான். ஆனால், தான் படைத்ததிலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்ட ஒருவர், ஒரு சொல் சொன்னால் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும் உடம்பை வரைந்திருக்கிறார். என் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிகிறது. நாலு இதழ் வந்தது. அடுத்த வருஷமே அந்தப் பெயரைப் பெரிய மார்வெல் நிறுவனம் தன் புதிய நாயகனுக்கு எடுத்துக்கொண்டது.

இது ஒரு பர்கோஸோடு முடிவதில்லை. அதனால்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நின்றுபோன பதிப்பகங்களின் வரலாற்றைத் துருவினால், பெரிய பதிப்பகங்களிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தவர்கள் வரிசையாக எதிர்ப்படுவார்கள். நான் படித்துக்கொண்டிருந்த ‘ஃபன்னிமேன்’ 1948இல் ஆறு இதழ் வந்தது. எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். 1938இல் 130 டாலருக்கு சூப்பர்மேனின் உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள். அதற்காக 1947இல் வழக்குப் போட்டு, வேலையையும் இழந்தவர்கள். வெளியிட்டவர் வின்சென்ட் சல்லிவன். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழுக்கு ஆசிரியராக இருந்தவரும் அவர்தான். பத்து வருஷம் கழித்து மூவரும் கூடி, கோமாளி வேஷத்தில் திருடர்களைப் பிடிக்கும் செந்தலைக்காரன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். நகைச்சுவை பல இடங்களில் எடுபடவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அந்த இருவரும் மறுபடி பிழைத்துவிட முயல்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

ஓவியர் வாலி வுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டேர்டெவில்’லுக்கு அந்தச் சிவப்பு உடையைக் கொடுத்தவர் அவர். கதையையும் தானே கட்ட வேண்டியிருக்கிறது, கூலியோ படத்துக்கு மட்டும்தான் என்று மனம் கசந்து மார்வெலை விட்டு வெளியேறினார். 1965இல் டவர் காமிக்ஸ் அவர் கையில் பெரும் சுதந்திரத்தைக் கொடுத்தது. பிறந்தது ‘தண்டர் ஏஜென்ட்ஸ்’. மற்றவர்கள் 12 சென்ட்டுக்கு மெல்லிய இதழ் போட்ட காலத்தில் இது 25 சென்ட்டுக்குத் தடிமனாக வந்தது. அதில் வருகிறவர்களைப் பாருங்கள். உயிரை இயந்திர உடலுக்கு மாற்றிக்கொண்டு, ஓர் உடல் அழிந்தால் அடுத்ததற்குத் தாவும் கிழ விஞ்ஞானி நோமேன். வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆயுள் குறையும் லைட்னிங். எதிரியின் உளவாளியாக வந்து, தலைக்கவசம் அணிந்ததும் நல்லவனாகிவிடும் மென்தர். ஏழாவது இதழில் மென்தர் செத்தே போகிறான். 1966இல் ஒரு நாயகனை நிஜமாகக் கொன்று, அவன் திரும்பி வராமல் விட்டார்கள். டவர் 1969இல் மூடியது. வுட் 1981இல் இறந்தார். அதற்குப் பிறகு இந்த நாயகர்கள் யாருக்குச் சொந்தம் என்று வேறு ஆட்கள் வழக்காடினார்கள். ‘மட்டமானது போகும்’ என்று எழுதினீர்களே கே., இதையும் சேர்த்தா எழுதினீர்கள்?

தரம்தான் நிற்கும் என்பது உண்மையானால், ஃபாசெட்டின் ‘கேப்டன் மார்வெல்’ நின்றிருக்க வேண்டும். 1940களில் விற்பனையில் சூப்பர்மேனையே முந்திய நாயகன் அவன். வருஷக்கணக்காக நடந்த காப்புரிமை வழக்கும் சரிந்துவந்த விற்பனையும் சேர்ந்து ஃபாசெட்டைக் கைகழுவ வைத்தன. எது நின்றது, எது போனது என்பதில் வக்கீலுக்கும் விநியோகஸ்தருக்கும் இருந்த பங்கை உங்களைப் போன்ற சேகரிப்பாளர்களே மறந்துவிட்டால் வேறு யார் சொல்வது?

எனக்கு இது விளங்கியது அட்டையில்லாத ஒரு புத்தகத்தால். என்னைவிட மூத்த சேகரிப்பாளர் ஒருவர், அட்லஸின் ‘ஸ்கார்பியன்’ முதல் இதழை மேலட்டை இல்லாமல் வைத்திருந்தார். கிழிசல் புத்தகத்தை ஏன் இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உட்காரவைத்து விளக்கினார். அன்றைய பத்திரிகைக் கடைகளுக்கு எல்லாமே திருப்பியனுப்பும் சரக்கு. விற்காத இதழின் அட்டையை, அல்லது அட்டையின் தலைப்புப் பகுதியை மட்டும் கிழித்து அனுப்பினால் பணம் வரவாகிவிடும். மிச்சத்தை அழிக்க வேண்டும். சிலர் அழிக்காமல் பின்வாசல் வழியாக விற்றார்கள். ஆக, கட்டைப் பிரிக்காமல் மூலையில் போட்டாலும் கடைக்காரருக்கு நஷ்டமில்லை. எத்தனை விற்றது என்ற கணக்கு பதிப்பாளருக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். முதல் இதழின் கதி தெளிவாகத் தெரிவதற்குள் மூன்றாம் இதழை வரைந்து முடித்திருக்க வேண்டும். கையில் நிறையப் பணமும் அதைவிட நிறையப் பொறுமையும் இல்லாதவர் அந்த இருட்டில் தாக்குப்பிடிக்க முடியாது.

அட்லஸின் கதை அதுதான். மார்வெலை 1968இல் விற்ற அதே மார்ட்டின் குட்மேன் 1974இல் தொடங்கினார். பக்கத்துக்கு நல்ல கூலி, வரைந்த மூலப்படங்களைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதி. அது எளிதில் கிடைக்காத காலம். நீல் ஆடம்ஸ் அட்டை வரைந்தார். ‘டிஸ்ட்ரக்டர்’ முதல் இதழில் எழுத்து ஆர்ச்சி குட்வின், பென்சிலில் வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ, அதன் மேல் மை தீட்டியவர் வாலி வுட். இந்த மூன்று பெயரும் ஒரே பக்கத்தில்! ஆனால் மேலிடத்துக்கு நிதானம் இல்லை. எல்லாவற்றையும் மார்வெல் போல மாற்று என்றார்கள். ஹோவர்ட் சேக்கின் 1930களின் சாகசக்காரனாக அமைத்த ஸ்கார்பியன், மூன்றாம் இதழில் வேறு கைகளுக்குப் போய் 1970களின் முகமூடி வீரனாகிவிட்டான். ‘ஃபீனிக்ஸ்’ நாலாம் இதழில் வேறு பெயரில் வேறு ஆளானான். எந்தத் தலைப்பும் நாலு இதழைத் தாண்டவில்லை. 1975 முடிவதற்குள் எல்லாம் ஓய்ந்தது. சேக்கின் மார்வெலுக்குப் போய், அதே மனிதனைக் கொஞ்சம் மாற்றி டொமினிக் ஃபார்ச்சூன் என்று மறுபடி வரைந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்திருக்கிறீர்களா? ஓர் ஓவியர் தன் பிள்ளையை இன்னொரு பெயரில் வெளியே கொண்டுவந்துவிட்டார் என்ற சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த 1975 டிசம்பரில்தான் சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் சூப்பர்மேன் கதைகளில் பெயர் திரும்பக் கிடைத்தது, ஆண்டுத் தொகையோடு. 37 வருஷம் கழித்து.

இதற்கிடையே, 1970களின் முற்பகுதியிலேயே ஃபில் சூலிங் போன்றவர்கள், திருப்பியனுப்ப முடியாது ஆனால் தள்ளுபடி அதிகம் என்ற ஏற்பாட்டில் காமிக்ஸ் கடைகளுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வழி திறந்ததால்தான் 1981இல் பசிஃபிக் காமிக்ஸால் ஓவியர் ஜேக் கிர்பியை அழைத்து, உரிமையை அவர் கையிலேயே விட்டு, ‘கேப்டன் விக்டரி’யை வெளியிட முடிந்தது. பசிஃபிக்கும் 1984இல் மூடிவிட்டது. ஆனால் டேவ் ஸ்டீவன்ஸின் ‘ராக்கெட்டியர்’ அந்த வீட்டில் பிறந்தது.

சரி, ஸ்லாப். விலை ஏறுமா என்று என்னைக் கேட்காதீர்கள், அது என் வேலை இல்லை. அட்லஸ் இதழ்கள் கடைகளுக்கு ஏராளமாகப் போனவை, இன்றும் தேடினால் கிடைப்பவை. அவற்றைப் பிரித்துப் படிக்க முடியாதபடி பிளாஸ்டிக்கில் அடைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மலிவான மரக்கூழ்க் காகிதம், அமிலத்தால் தானாகவே பழுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, வெளிச்சமும் ஈரமும் படாத இடம், இவை போதும். ‘டிஸ்ட்ரக்டர்’ முதல் இதழை மட்டும் அடைத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் உங்களோடு பேச மாட்டேன். டிட்கோவின் கோட்டின் மேல் வுட்டின் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் புத்தகத்தைக் கையில் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை தருகிறேன், மூன்று பேரும் சேர்ந்து செய்யுங்கள். உங்கள் பட்டியலைப் பதிப்பகப் பெயர்வாரியாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கலைத்து, எழுதியவர், வரைந்தவர் பெயர்வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொருவருக்கும் நேரே, அதற்கு முன் எங்கே இருந்தார், ஏன் வெளியே வந்தார், பிறகு எங்கே போனார் என்று எழுதுங்கள். பர்கோஸில் தொடங்குங்கள். முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.