அந்தப் பழைய சைக்கிள் யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 36. திருமணமாகி ஏழு ஆண்டுகள். சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகளாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். சேர்ந்து செய்ய ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டுமே என்று, போன மாதம் மனைவியையும் புக்கிட் தீமா பாதைக்கு அழைத்துப் போனேன். நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் சும்மா கிடந்த என் பழைய சைக்கிளை அவளுக்குக் கொடுத்தேன். நான் ஆறடி, அவள் ஐந்தடி ஓரங்குலம் என்பதால் சீட்டை முழுவதும் இறக்கிவிட்டேன். நன்றாகத்தான் வந்தாள். கடைசிக் கல் இறக்கத்தில், எத்தனை முறை சொல்லியும் கேளாமல், பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக் குப்புற விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. இப்போது கூப்பிட்டால், “நீங்க போயிட்டு வாங்க” என்கிறாள். இதைவிட எளிதான பாதை எது? புலாவ் உபின் தீவில் உள்ள கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா சரிப்படுமா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியோடு வருகிற எல்லாரும் பாதையைத்தான் கேட்கிறார்கள். பாதையைப் பிறகு பார்ப்போம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “சும்மா கிடந்த என் பழைய சைக்கிள்” என்று, அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை.

ஆறடி ஆளுக்கு வாங்கியது என்றால் அது எல் அளவு ஃபிரேமாக, அதாவது பெரிய சட்டமாக இருக்கும். உங்கள் மனைவியின் உயரத்துக்கு எக்ஸ்எஸ் அல்லது எஸ் வேண்டும். சீட்டை இறக்கினால் சீட்தான் இறங்கும், ஹேண்டில்பார் கிட்டே வராது. கையை முழுக்க நீட்டித்தான் அவர் பிடித்திருப்பார். முழங்கை மடங்காத கையில் ஒவ்வொரு வேரும் நேராகத் தோளில் போய் இடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் அல்லவா? ஏற்கெனவே நீண்டுவிட்ட கைக்கு இன்னும் நீள இடம் ஏது? சட்டத்தின் மேல்குழாய்க்கு இரு பக்கமும் காலை ஊன்றி நின்றால் குழாய்க்கும் உடலுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். அது இல்லாத சைக்கிளில் சரிவில் நின்று கால் ஊன்றவே பயமாக இருக்கும்.

அடுத்தது பிரேக். உங்கள் விரல் நீளத்துக்கு வைத்த பிரேக் லீவரை அவர் விரல் நுனியால் எட்டிப் பிடித்திருக்கிறார். ஒரு விரல் பலம் போதாமல் நான்கு விரலும் லீவருக்குப் போனால் ஹேண்டிலைப் பிடிக்கக் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். பயத்தில் வழி முழுக்க லேசாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்திருப்பார். அரை மணி நேரத்தில் முன்கை மரத்துவிடும். மரத்த கைக்கு இதமாக அழுத்தத் தெரியாது. ஒன்றும் பிடிக்காது, இல்லாவிட்டால் மொத்தமாகப் பிடிக்கும். கடைசி இறக்கத்தில் விழுந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் இறக்கத்தில் விழவில்லையே, ஏன் என்று யோசித்தீர்களா? அவர் சொல்பேச்சு கேட்காதவர் என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். லீவரை உள்ளே இழுக்க ஒரு சின்னத் திருகு இருக்கிறது, 2 அல்லது 2.5 மி.மீ. அலன் சாவி போதும். ஆறு ஆண்டுகள் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. இரண்டு நிமிட வேலை, செய்யவில்லை.

சூடான தோசை கணவனுக்கு, ஆறிய கடைசித் தோசை சுட்டவளுக்கு என்று பழகிப்போன வீடுகளின் வழக்கத்தைத்தான் நீங்கள் காட்டுப் பாதைவரை கொண்டுபோயிருக்கிறீர்கள். உடன் வா என்று கூப்பிட்டவருக்குத்தான் பொறுப்பு. மனைவிக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சேர்ந்து செய்யும் பொழுதுபோக்கு என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை பாதைக்குப் போக வேண்டாம், அவரோடு கடைக்குப் போங்கள். புதிதோ பழையதோ, அவர் உயரத்துக்கான சட்டமாக இருக்கட்டும். ஏறி உட்காரவைத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரின் வளைந்த நுனியில் படிகிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் ஃபோர்க், காற்றடைத்தது என்றால் அவர் எடைக்குக் காற்றை மாற்ற வேண்டும். மொத்தம் 120 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க், அவர் பெடலில் நின்றதும் 24 முதல் 30 மி.மீ. வரை அமுங்க வேண்டும். ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை வைத்து அளக்கலாம். சாதாரணப் பம்பு இதற்கு ஆகாது, ஷாக் பம்பு வாங்குங்கள். 55 கிலோ எடைக்காரருக்கு 2.25 அங்குல டயரில் டியூப் இருந்தால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு வைக்கும் காற்றையே வைத்தால் டயர் பந்துபோலத் துள்ளும். ரொம்பக் குறைத்தாலோ டியூப் கல்லில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

இனி பாதை. கேத்தாம் இப்போது வேண்டாம். அங்கே பாதையின் கடினத்தைக் காட்ட நீலம், கறுப்பு, இரட்டைக் கறுப்பு என்று பலகை இருக்கிறது. நீலம் என்றால் புதியவர்களுக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சர்வதேச அளவீட்டில் அதற்குக் கீழே வெள்ளை, பச்சை என்று இரண்டு படிகள் உண்டு. நீலத்தில் 20 செ.மீ. வரை உயரமான தடை வரலாம், பாதை 60 செ.மீ. அகலத்துக்குக் குறுகலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பாதி வழியில் அவருக்குப் போதும் என்று தோன்றினாலும், படகுத்துறைவரை ஓட்டி வந்து, பன்னிரண்டு பேர் சேரும்வரை படகுக்குக் காத்திருந்துதான் வீடு திரும்ப முடியும். அதை நினைத்தே வாயைத் திறக்கமாட்டார். “போதும்” என்று எந்த இடத்திலும் சொல்லித் திரும்பக்கூடிய பாதைதான் அவருக்கு முதலில் வேண்டும்.

அதனால் பழைய ரயில் பாதையில் தொடங்குங்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன தடம். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அங்கே ஏற்றமும் இறக்கமும் மெல்லியவை. கிங் ஆல்பர்ட் பார்க் பக்கமிருந்து 4 கி.மீ. போய் 4 கி.மீ. திரும்பினால் போதும். நடப்பவர்கள் இருப்பார்கள், மெதுவாகப் போங்கள். பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நிற்பது, ஒரு விரலால் பிரேக் பிடிப்பது, முன்சக்கரத்தைப் பார்க்காமல் ஐந்து மீட்டர் தள்ளிப் பார்ப்பது, இந்த மூன்றும் அங்கே பழகட்டும்.

பிறகு செஸ்நட் இயற்கைப் பூங்காவின் தென்பகுதி. 1.6 கி.மீ.தான். முதல் நாள் நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எந்த இடத்தில் இறங்கித் தள்ளலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரோடு போகும்போது அதையே மூன்று சுற்று சுற்றுங்கள். முதல் சுற்றில் பயந்து பிரேக் பிடித்த வளைவில் மூன்றாவது சுற்றில் தானாகவே பிரேக்கை விட்டு ஓட்டுவார். வடபகுதியில் உள்ள 6.6 கி.மீ. அதற்கடுத்த மாதம் இருக்கட்டும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஈர வேரில் டயர் நிற்காது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏற்றத்தில் அவர் முன்னால் போகட்டும், வேகத்தை அவர்தான் வைக்க வேண்டும். கடினமான இடத்தில் நீங்கள் முதலில் இறங்கி, அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். ஓடும்போது “பிரேக்கை விடு” என்று கத்தவே கூடாது, சொல்ல வேண்டியதை நின்றபின் சொல்லுங்கள். அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். காத்திருந்த நேரத்தில் ஓய்வெடுத்தது நீங்கள்தான், அவர் இல்லை. மூச்சு அடங்க நான்கு நிமிடமாவது கொடுங்கள்.

கேத்தாமின் இரட்டைக் கறுப்பு உங்களை இழுத்தால் அதற்கு வேறொரு நாள் நண்பர்களோடு போங்கள். அவரையும் கூட்டிப்போய்ப் பாதையோரம் கொசுக்கடியில் நிற்கவைக்க வேண்டாம்.