குளிரைவிட ஈரம் பொல்லாதது: கால்வாய்ப் படகில் பனிக்காலம் – கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் நானும் கணவரும் ஒரு நேரோபோட்டில், அதாவது இந்தக் கால்வாய்களுக்கென்றே செய்த ஒடுங்கிய இரும்புப் படகில், குடியிருக்கிறோம். இது எங்களுக்கு எட்டாவது பனிக்காலம். படகின் நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். உள்ளே எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒருக்களித்து நின்று வழிவிட வேண்டும். பனிக்காலம் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, செங்கல் வீட்டுக்குள்ளேயே ஜனவரியில் எங்களுக்குப் பல் கிட்டுகிறது. இரும்புப் படகில் எப்படித் தாங்குகிறீர்கள்? – லெஸ்டர்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பல நாள் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைக்கிறோம். இடம் சின்னது, அதனால் சீக்கிரம் சூடாகிவிடும். எங்களிடம் இருப்பது டென்மார்க்கின் மோர்சோ வார்ப்பிரும்பு அடுப்பு. பக்கவாட்டில் அணில் உருவம் பொறித்த சின்ன மாடல். இந்தக் கால்வாயில் பாதிப் படகுகளில் அந்த அணிலைப் பார்க்கலாம்.

சூடு சீராகப் பரவாது என்பதுதான் சிக்கல். அடுப்பு முன்பக்கம், படுக்கை பின்பக்கம். தரை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆக, தலைக்கு மேல் சித்திரை, காலடியில் மார்கழி. அடுப்பின் மேல் ஒரு குட்டி விசிறி வைத்திருக்கிறோம். அதற்கு மின்சாரம் வேண்டாம், அடுப்புச் சூட்டிலேயே சுற்றும். அது கொஞ்சம் உதவும். கம்பளி சாக்ஸ் அதைவிட அதிகம் உதவும்.

ராத்திரி அடுப்பை அணையாமல் காப்பது ஒரு கலை. பத்து மணி வாக்கில் சாம்பலைத் தட்டிவிட்டு, கரிக்கட்டிகளை வாய்வரை அடுக்குவேன். காற்றுத் திறப்பைக் கால் மணி நேரம் முழுக்கத் திறந்து வைத்துக் கட்டிகள் நன்றாகப் பற்றிய பிறகு, மயிரிழை அளவுக்குக் குறைப்பேன். காலையில் சாம்பலை விலக்கினால் அடியில் சிவப்பாகக் கண் விழித்திருக்கும். முதல் வருடம் இந்த அளவு பிடிபடாமல், தினமும் விடியற்காலை நாலு மணிக்கு மூக்கு நுனி சில்லிட்டுத்தான் எழுந்தோம்.

விறகா, நிலக்கரியா? – திருச்சி

இரண்டும்தான். ஆனால் பழைய கரும்புகை நிலக்கரியை வீட்டு உபயோகத்துக்கு விற்பது இங்கிலாந்தில் 2023 மே முதல் தடை. ஈர விறகைச் சில்லறையாக விற்பதற்கு 2021-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. இப்போது கிடைப்பது புகை குறைந்த கரிக்கட்டிகள். கடுங்குளிரில் மூன்று நாளைக்கு ஒரு 25 கிலோ மூட்டை எங்களுக்குத் தீர்ந்துவிடும். கரி, டீசல், கேஸ் சிலிண்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு விற்பனைப் படகு வரும். அதன் எஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டாலே, ஊரில் தண்ணி லாரி வந்ததுபோல எல்லோரும் வெளியே வந்து நிற்போம்.

கரையில் விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஈர விறகு எரித்தால் சூடு வராது, புகைபோக்கியில் தார்தான் படியும்.

படகில் எது பெரிய கஷ்டம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். – கோவை

ஈரம். குளிருக்கு அடுப்பு இருக்கிறது, இருட்டுக்கு விளக்கு இருக்கிறது. ஈரத்துக்கு தினசரி வேலைதான் உண்டு.

இரண்டு பேர் மூச்சு விடுகிறோம், குளிக்கிறோம், சோறு வடிக்கிறோம். அத்தனை நீராவியும் குளிர்ந்த இரும்பையும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலையும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் ஜன்னல் வியர்த்துக் கொட்டும். நான் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, ஒரு பழைய துண்டால் ஏழு ஜன்னலையும் துடைத்துப் பிழிவது. ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அதைப் பிழியாமல் விட்டால் சுவரிலும் துணியிலும் போய்ச் சேரும்.

முதல் பனிக்காலத்தில் டிசம்பர் பாதியில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. பலகைமேல் நேராக மெத்தையைப் போட்டிருந்தோம், காற்று போக வழியே இல்லை. இப்போது சட்டங்களுக்கு இடையில் இடைவெளி விட்ட கட்டில். அலமாரியில் துணியைத் திணிப்பதில்லை. கொதிக்கும் பாத்திரத்துக்கு மூடி கட்டாயம்.

பொங்கலன்று மட்டும் விதிவிலக்கு. மூடி போட்டால் எப்படிப் பொங்கும்? அணில் அடுப்பின் தலையில் சின்ன வெண்கலப் பானையை வைப்போம். பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை, கூடவே எல்லா ஜன்னலும் மூன்று நிமிடத்தில் வெள்ளையாகிவிடும். சூரியனைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். துடைத்தாலும் பல வருடம் அவர் இருப்பதில்லை.

அப்படியானால் ஜன்னல், காற்றுத் துளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் சூடும் தங்கும், செலவும் மிச்சமாகுமே? – சேலம்

தயவுசெய்து செய்யாதீர்கள். அடைத்தால் ஈரம் கூடும் என்பது சின்ன விஷயம். கார்பன் மோனாக்சைடு பெரிய விஷயம். நிறமும் மணமும் இல்லாத வாயு. தூக்கத்தில் இருப்பவரை எழவிடாது. படகின் கூரையில் காளான் வடிவக் காற்றுத் துளைகள் இருக்கும், கதவின் அடியிலும் திறப்புகள் இருக்கும். குளிருது என்று அதில் துணியைத் திணிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். குடியிருக்கும் வசதியுள்ள படகில் இந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் விதி வந்தது. நாங்கள் அடுப்பு பக்கம் ஒன்று, படுக்கை பக்கம் ஒன்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: அடுப்பிலிருந்து எடுத்த சாம்பல் அணைந்ததுபோல் இருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், அதுவும் இதே வாயுவை விடும். சாம்பல் வாளியை ஒரு நிமிடம்கூட உள்ளே வைக்கக் கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வைத்துவிடுங்கள்.

இட்லி மாவு புளிக்குமா? – பெயர் வேண்டாம், பசிதான் முக்கியம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! அடுப்பு பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெந்துவிடும், சமையல் மேடையில் வைத்தால் மூன்று நாளானாலும் அசையாது. நான் கண்டுபிடித்த இடம் வெந்நீர்த் தொட்டி. எஞ்சின் ஓடும்போது அதன் சூட்டில் தண்ணீர் காயும் தொட்டி அது, பல மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மாவுப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அதன் தலையில் வைத்தால் மறுநாள் காலை பொங்கியிருக்கும். ஒருமுறை பாத்திரத்தை நிறைத்து வைத்துவிட்டு எஞ்சினை வழக்கத்தைவிட அதிக நேரம் ஓட்டினோம். விளைவை எஞ்சின் அறையில் துடைத்தோம்.

சோலார் பேனல் இருந்தால் மின்சாரக் கவலை இல்லைதானே? – பெங்களூரு

ஜூனில் இல்லை. டிசம்பர் 21 அன்று லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். இருக்கும் வெளிச்சமும் சாய்ந்து, மேகத்துக்குள் ஒளிந்து வரும். கோடையில் மதியத்துக்குள் பேட்டரியை நிரப்பும் அதே பேனல், டிசம்பரில் சில நாள் கைபேசிக்குத்தான் போதும். அதனால் தினம் இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓட்டுகிறோம். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மற்ற படகுகளுக்கு அருகில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது. நான் ஆஸ்பத்திரி லேபில் இரவுப் பணி முடித்து வருபவள். இந்த விதியைப் போட்டவர் நன்றாக இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுவிடும். பேட்டரியை வைக்கும் இடத்தை யோசித்து வையுங்கள்.

தண்ணீர், கேஸ் எல்லாம் உறைந்துவிடாதா? – மதுரை

கேஸ் பற்றி முதலில். இங்கே நீல சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். பூஜ்ஜியத்தை ஒட்டிப் போனால் அது ஆவியாவதையே நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் காப்பி போட முடியாது. சிவப்பு சிலிண்டரில் இருப்பது புரொப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, இங்கே அதற்கு வேலை நிற்காது. படகுக்காரர்கள் வாங்குவது சிவப்புதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வானிலை அறிக்கையில் மைனஸ் என்று பார்த்ததுமே போய்த் தொட்டியை நிரப்பிவிடுவோம். கரையிலுள்ள குழாய் உறைந்தால் ஒரு வாரம் வரைகூடத் தண்ணீர் வராமல் போகும். ரப்பர் குழாயை வெளியே விட்டுவிட்டு வருபவர்களுக்கு மறுநாள் ஒரு நீளமான தடி கிடைக்கும். எங்களுடையது குளியலறைக்குள் சுருண்டு கிடக்கும், மலைப்பாம்பு மாதிரி.

கழிவறை? கேட்கவே தயக்கமாக இருக்கிறது. – தஞ்சாவூர்

எல்லோரும் கேட்பதுதான். பெட்டி மாதிரி ஒரு தொட்டி, நிறைந்தால் தூக்கிக்கொண்டுபோய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். பனியில் அந்த இடமும் உறையும். அதனால் எங்களிடம் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கால்வாய் முழுக்க உறைந்தால் படகு நசுங்காதா? – சிங்கப்பூர்

நசுங்காது. பனிக்கட்டி மேல்பரப்பில்தான், எங்கள் படகின் பக்கச் சுவர் 6 மில்லிமீட்டர் எஃகு. ஆனால் உறைந்த கால்வாயில் படகை ஓட்டுவது அநியாயம். உடையும் பனித்தட்டு நீர்மட்டத்தில் ரம்பம் போல உராய்ந்து, துருப்பிடிக்காமல் காக்கும் கருப்புப் பூச்சைச் சுரண்டும், பக்கத்தில் நிற்கும் ஃபைபர் படகையோ மரப் படகையோ வெட்டிவிடும். அப்படி யாராவது போனால் சத்தம் ஒரு மைலுக்கு முன்னாலேயே வரும். தண்ணீருக்கடியில் யாரோ கம்பியை மீட்டி விடுவதுபோல, கரையோரமாக ஓடி வரும்.

அந்தக் காலத்தில் போகாமல் இருக்க முடியாது, சரக்கு போயாக வேண்டும். அதற்கென்று பனி உடைக்கும் படகுகள் இருந்தன. குதிரைகள் இழுக்க, ஆட்கள் நடுவிலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபக்கமும் சாய்ந்து படகை ஆட்டி ஆட்டிப் பனியை உடைப்பார்கள். 1962 டிசம்பர் 26-ல் தொடங்கிய பனி அவர்களையும் தோற்கடித்தது. மார்ச் தொடக்கம் வரை விடவில்லை. சுமைப் படகுகள் வாரக்கணக்கில் நின்ற இடத்தில் நின்றன. ஏற்கெனவே ரயிலுக்கும் லாரிக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கில் பெரும்பகுதி அந்த உறைவில் கைமாறியது, பிறகு திரும்பவில்லை. 1963-லேயே அரசு நிறுவனமான பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் தன் குறுகிய சுமைப் படகுத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டது. படகிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் கரையேறின. நான் இன்று கட்டில் போட்டுத் தூங்கும் இதே அகலம், அவர்களுக்கு நிலக்கரி ஏற்றும் இடம்.

வாடகை கட்டுப்படியாகவில்லை. நானும் மனைவியும் படகு வாங்கிக் குடிபோகலாமா? – ஹாரோ

தம்பி, ஜூலையில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். ஜனவரியில், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை மாலையாகப் பார்த்து மறுபடி போய்ப் பாருங்கள். சொந்தமாக நிறுத்துமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் வருடச் சட்டம். பனிக்காலத்திலும் அதே கதைதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக்குகளைப் பழுது பார்க்க மூடுவார்கள். லாக் என்றால் படகை உள்ளே விட்டுத் தண்ணீர் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை 137 மைலில் இப்படி 166 இருக்கின்றன. மூடும் தேதிப் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பினால் இரண்டு பழுதுவேலைக்கு நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். நாங்கள் சிக்கியிருக்கிறோம், வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போனேன். கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை, பனிக்காலத்துக்கு மட்டும் ஓரிடத்தில் நிற்க அனுமதி விற்கும். குழந்தை இருந்தால் அதை வாங்குங்கள். மலிவு என்று மட்டும் நினைத்து வந்தவர்கள் பிப்ரவரியில் விற்றுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வழுக்கி விழுந்தால்? – நாகப்பட்டினம்

கால்வாயில் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடலாம், இடுப்பளவு அல்லது மார்பளவுதான். ஆனால் குளிர்ந்த நீரில் விழுந்த அதிர்ச்சியில் மூச்சு தானாக இழுக்கும், அந்த முதல் நிமிடம்தான் ஆபத்து. நீந்தப் போராடாமல் மிதந்து மூச்சைச் சமாளியுங்கள். லாக் அப்படியில்லை, ஆழம். கதவுமேல் உறைபனி இருந்தால் நான் நடக்க மாட்டேன், சுற்றித்தான் போவேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்? – விழுப்புரம்

ஒரு பனிக்காலம் ட்ரிங் மேட்டில் நின்றிருந்தோம். கால்வாயின் உச்சிப் பகுதி அது. லாக்குகள் வழியாக இரண்டு பக்கமும் வழிந்து போகும் தண்ணீரை ஈடுகட்ட அங்கே நீர்த்தேக்கங்கள் கட்டியிருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்குக் கரைப்பாதையில் நடந்து வருகிறேன். சேறு உறைந்து கல்லாகிக் கிடந்தது, அன்று ஒரு நாள் பூட்ஸில் அப்பவில்லை. தண்ணீர்மேல் ஆவி, வரிசையாகப் படகுகளின் புகை நேராக மேலே. ஒரு வாத்து பறந்து வந்து, தண்ணீர் என்று நினைத்துப் பனிக்கட்டியில் இறங்கி, பத்தடி சறுக்கிக்கொண்டே போய் நின்றது. நின்றதும் சுற்றிப் பார்த்தது, யாராவது கவனித்தார்களா என்று. எங்கள் படகைக் கரையில் கட்டியிருந்த கயிற்றில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. மீன் பிடிக்க முடியாத கோபத்தில் இருந்திருக்கும். நான் பத்து நிமிடம் உள்ளே போகவில்லை.

கோடையில் வாடகைப் படகுகள் வரிசைகட்டும். அப்போது இது எதுவும் இல்லை.

மூன்று வாரம் ஊருக்கு வருகிறீர்களே, படகை அப்படியே விட்டுவிட்டு வரலாமா? – என் அம்மா, கும்பகோணம்

விட முடியாதும்மா. அடுப்பை அணைத்தால் உள்ளேயும் மைனஸ் ஆகும். பம்பை நிறுத்தி, எல்லாக் குழாயையும் திறந்து, வெந்நீர்த் தொட்டி உட்பட தண்ணீரை வடிக்க வேண்டும். டீசல் டாங்கை நிரப்ப வேண்டும், காலியிடம் இருந்தால் உள்ளே ஈரம் கோர்க்கும். ஒரு வருடம் ஷவர் குழாயை மட்டும் திறக்க மறந்துவிட்டோம். திரும்பி வந்து பம்பைப் போட்டதும் சுவருக்குள் மழை பெய்தது. இந்த முறை குளியலறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார் உங்கள் மருமகன்: ‘ஷவர்’.