பதில்: மகனோடு தினமும் வீட்டுப்பாடச் சண்டை

ஏழாவது படிக்கும் மகனோடு தினமும் சண்டை, பரீட்சை வரை எப்படித் தாங்குவது என்று கேட்டிருந்தீர்கள் சகோதரி. நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், மாரத்தான் ஓடுகிறவன். 42.195 கிலோமீட்டரில் தொடக்கத்திலேயே வேகமெடுத்தவர்கள் பலர் முப்பதைத் தாண்டியதும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். தசையில் சேர்ந்திருந்த கிளைகோஜன், அதாவது ஓடத் தெம்பு தரும் சர்க்கரைச் சேமிப்பு, தீர்ந்திருக்கும். மகளிடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்னே, "கணக்கு போட்டியா?" ஒன்பது மணிக்குள் இரண்டு பேருக்கும் தெம்பு போய்விடும்.

இப்போது வந்ததும் இருவரும் தெருவை ஒரு சுற்று நடக்கிறோம். நீண்ட ஓட்டத்துக்குச் சொல்வார்களே, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதே மாதிரி. பாடப் பேச்சே கிடையாது. மூன்றாவது வாரம், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவளே, "பின்னம் புரியலப்பா" என்றாள்.

அப்புறம், நீங்கள் சாப்பிட்டுவிட்டு அவனோடு உட்காருங்கள்.