மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு முதுகலைப் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் பெற்றவள் நான். சிஜிபிஏ 3.12. இரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் ஓராண்டு முதுகலைப் படிப்பை முடித்தால் அங்கேயே மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதி என்று கல்விக் கண்காட்சியில் சந்தித்த ஒரு முகவர் சொல்கிறார். அப்பா தம்முடைய ஊழியர் சேமநிதியை எடுத்துத் தரத் தயாராக இருக்கிறார். சேரலாமா? சேர்வதென்றால் எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்பு மகளே, "உறுதி" என்ற அந்தச் சொல்லை முகவர் எழுத்தில் தருவாரா என்று முதலில் கேளுங்கள். இத்தகைய படிப்புகள் போலியானவை அல்ல. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975 முதல் உடலியங்கியலில் இப்படி ஒரு சிறப்பு முதுகலைப் படிப்பை நடத்தி வருகிறது. அதன் பிறகு வேறு பல பல்கலைக்கழகங்களும் தொடங்கின. முதலாண்டு மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே படித்து, அவர்கள் எழுதும் தரத்தில் தேர்வெழுதி, "இளங்கலையில் என் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மருத்துவப் படிப்பின் சுமையை என்னால் தாங்க முடியும்" என்று காட்டுவதற்காக ஏற்பட்டவை அவை. சில படிப்புகள் ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைப்பு வைத்திருப்பதும் உண்மை. ஆனால் அந்த இணைப்பு பெரும்பாலும் நேர்காணலுக்கு அழைப்பு என்ற அளவில் நின்றுவிடும்; இடமே தருகின்ற சில படிப்புகளும் இவ்வளவு மதிப்பெண், இவ்வளவு நுழைவுத்தேர்வுப் புள்ளி என்று நிபந்தனை விதிக்கும். நேர்காணல் அழைப்புக்கும் கல்லூரி இடத்துக்கும் உள்ள தூரத்தில்தான் பல குடும்பங்களின் சேமிப்பு கரைகிறது.

உங்கள் நிலையில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அமெரிக்க மாணவருக்கு இந்தப் படிப்பு பழைய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைக்கும் புதிய சான்று. பழையதை அது அழிப்பதில்லை. அங்குள்ள பொது விண்ணப்பச் சேவை முதுகலை மதிப்பெண்ணைத் தனியாகவே காட்டுகிறது. உங்களுக்கோ, அங்கே பழைய மதிப்பெண் என்று ஒன்றே இருக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்களை அந்தச் சேவை சரிபார்த்துச் சராசரி கணக்கிடுவதில்லை. எனவே முதுகலையின் ஓராண்டு மதிப்பெண் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அது போதும் என்று சொல்லும் கல்லூரிகள் குறைவு. அந்நாட்டு இளங்கலைப் பட்டத்தையோ, குறிப்பிட்ட அளவு இளங்கலைப் பாடங்களை அங்கே படித்திருப்பதையோ கேட்பவை பல. வெளிநாட்டு மாணவரை அறவே சேர்க்காத கல்லூரிகளும் பல. சேர்க்கும் கல்லூரிகளிலும் சில, ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே வைப்பில் கட்டச் சொல்கின்றன. அந்நாட்டுக் கூட்டரசின் கல்விக் கடனும் வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. அப்பாவின் சேமநிதி முதுகலையின் ஓராண்டுக்கே சரியாகப் போய்விட்டால், அதன் பிறகு வரும் நான்கு ஆண்டுகளுக்கு என்ன வழி என்பதை முகவர் சொன்னாரா?

ஒரு தாளை எடுத்து ஆண்டுகளை எழுதிப் பாருங்கள். முதுகலைக்கு ஓராண்டு. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், முதுகலை மதிப்பெண் முழுவதும் கையில் வந்த பிறகு விண்ணப்பித்தால் காத்திருப்பு இன்னோர் ஆண்டு. பிறகு மருத்துவம் நான்கு ஆண்டுகள். மொத்தம் ஆறு. நம் நாட்டிலேயே ஐந்தாண்டு எம்பிபிஎஸ் படிப்புக்குப் பட்டதாரிகளை ஏற்கும் கல்லூரிகள் உண்டு. அங்கே சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளில் முடித்துவிட்டுப் பயிற்சி மருத்துவராகப் போய்விடலாம். "நான்காண்டுப் படிப்பு" என்ற சொல் குறுக்குவழி போலக் காதில் விழுகிறது. கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

கூட்டிப் பார்த்த பிறகும் பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பே வேண்டும் என்று தோன்றினால், முதுகலை தேவையில்லாத வழிகளை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்டு 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி முழுக்கப் பட்டதாரிகளுக்கானது. இளங்கலைப் பட்டத்தோடு எம்கேட் (அமெரிக்க மருத்துவ நுழைவுத்தேர்வு) அல்லது கேம்சாட் (ஆஸ்திரேலிய மருத்துவ நுழைவுத்தேர்வு) புள்ளியைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் இவ்வகைப் படிப்புகள் உள்ளன. அயர்லாந்தின் இரு கல்வி நிறுவனங்களுடைய பினாங்குக் கிளையான ஆர்சிஎஸ்ஐ-யுசிடி மலேசிய வளாகம் பட்டதாரிகளுக்கு மட்டுமான கல்லூரி அல்ல என்றாலும், பாதிப் படிப்பை டப்ளினிலும் பாதியை பினாங்கு மருத்துவமனை வார்டுகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தருவதால் அதையும் விசாரித்து வைப்பது நல்லது.

எந்த நாடானாலும், பணம் கட்டுமுன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அது தரும் பட்டத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பிறர் எடுத்துக் காட்டும் நகலை நம்ப வேண்டாம். மன்றத்தின் குறைந்தபட்ச நுழைவுத் தகுதி விதிகளையும் வாசியுங்கள். அவற்றில் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வின் அறிவியல் பாடங்களும் இடம்பெறுகின்றன. பட்டம் வாங்கியாயிற்று, இனி எஸ்பிஎம் சான்றிதழ் எதற்கு என்று அதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டவர்களை நான் அறிவேன்.

இவ்வளவுக்கும் பிறகு முதுகலைதான் என்று முடிவெடுத்தால், தயாரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஓராண்டுப் படிப்பில் "போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம்" என்பதற்கு இடமில்லை. வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் முதல் தேர்வு வந்துவிடும். அதில் சரிந்தவர் ஆண்டு முழுவதும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே விமானம் ஏறுமுன் உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும். முடிப்பது என்றால் மனப்பாடம் செய்வது அல்ல. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது என்பதை நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தேர்வுத்தாள் கேட்பது வேறு: இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்க் கொத்தான வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் நுண்தமனி சற்றுச் சுருங்கினால் வடிகட்டும் அளவு கூடுமா, குறையுமா? வெளியேறும் வழி நெருக்கப்படுவதால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறி வடிகட்டல் கூடும். அதே வேளையில் சிறுநீரகத்தின் வழியே ஓடும் இரத்தத்தின் அளவு குறையும். இதைப் படம் வரைந்து தானே கண்டுபிடித்தவருக்கு அடுத்த கேள்வியும் புரியும்: இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஏசிஇ தடுப்பு மாத்திரை தொடங்கிய சில நோயாளிகளுக்கு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஏன் இரத்தத்தில் சற்று உயர்கிறது? அந்த மாத்திரை அதே நுண்தமனியை விரியச் செய்கிறது; முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கி வடிகட்டல் குறைகிறது. நீங்கள் கூடத்தில் நாள்தோறும் கிரியேட்டினின் எண்ணைப் பார்க்கிறீர்கள். இனி ஒவ்வோர் எண்ணையும் பார்க்கும்போது அதன் பின்னால் இருக்கும் சிறுநீரகத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள். இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தை இதைவிட நல்ல முதலாக மாற்ற வழி எனக்குத் தெரியவில்லை.

---

கேள்வி: என் மகள் உயிரித் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறாள். எம்கேட், கேம்சாட் இரண்டில் எது எளிது? எத்தனை மாதம் படிக்க வேண்டும்?
– ஒரு தந்தை, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஐயா, எது எளிது என்று பார்ப்பதற்கு முன், மகள் விண்ணப்பிக்கப் போகும் கல்லூரி எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஏற்கும் கல்லூரியாக இருந்தால் மட்டுமே தேர்ந்தெடுக்கும் கேள்வி எழும்.

எம்கேட் தேர்வில் நான்கு பகுதிகள், 230 கேள்விகள். இடைவேளையோடு சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் தேர்வு மையத்தில் இருக்க வேண்டும். புள்ளி 472 முதல் 528 வரை; நடு அளவு 500. உயிர்வேதியியலும், உளவியல் சமூகவியலும் அதில் நேரடியாக உண்டு. கேம்சாட் ஆஸ்திரேலியத் தேர்வு. மூன்று பகுதிகள்: இலக்கிய, சமூகப் பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்ளுதல், இரண்டு கட்டுரைகள் எழுதுதல், அறிவியல் பகுத்தறிதல். அறிவியல் பகுதியில் உயிரியல் 40 விழுக்காடு, வேதியியல் 40, இயற்பியல் 20. பாடத்தை நன்றாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு எம்கேட் ஒத்துவரும். பழக்கமில்லாத ஒரு வரைபடத்தைப் பார்த்து நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு கேம்சாட் ஒத்துவரும். இது என் கணிப்பு. இரண்டு தேர்வுகளின் மாதிரித் தாளையும் நேரம் வைத்து ஒருமுறை எழுதச் சொன்னால் மகளுக்கே தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அறிவியலில் அல்ல, ஆங்கில வாசிப்பில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் எஸ்பிஎம் எழுதி, ஆங்கிலத்தில் அறிவியல் மட்டுமே படித்த மாணவர்கள், ஒரு தத்துவப் பத்தியையோ கவிதையையோ வைத்து "எழுத்தாளரின் மனநிலை என்ன" என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. இன்றிலிருந்து நாளுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, அதன் வாதத்தை இரண்டு வரியில் எழுத வேண்டும்; தமிழில் எழுதினாலும் சரி, வாதம் பிடிபட வேண்டும் என்பதே முக்கியம். அறிவியல் பகுதிக்கு, அடிப்படை ஓரளவு நன்றாக இருந்தால், படிப்போடு சேர்த்து ஆறு மாதம் ஒதுக்குவது நியாயமானது.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த மாணவி ஒருத்தி நீலநிற அட்டை போட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தாள். தவறான விடைகளை மட்டுமே அதில் எழுதியிருந்தாள். பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் தான் தேர்ந்தெடுத்த விடை, வலப்புறம் அதை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்ற காரணம். "அவசரம்", "கேள்வியில் 'அல்லாதது' என்ற சொல்லைப் பார்க்கவில்லை", "அலகு மாற்றம்" என்று ஒரே காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. நாற்பது பக்கம் நிறைந்த பிறகு, தனக்குத் தெரியாதவை கொஞ்சம்தான், கவனமின்மையே மிகுதி என்று அவளே கண்டுகொண்டாள். மகளுக்கும் அப்படி ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

---

கேள்வி: மருத்துவமனை அனுபவம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு மருத்துவர் யாரையும் தெரியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தம்பி, மருத்துவருக்குப் பின்னால் இரண்டு நாள் நின்று பார்த்ததைவிட, நோயாளிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தது நேர்காணலில் அதிகம் பேசும். குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் சங்கம் பினாங்கில் இருக்கிறது. தலைநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஹோஸ்பிஸ் மலேசியா இருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பு மையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், தவறாமல் போக முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு பிறகு பெயர் கொடுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பது அங்கே எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் கண்டிருக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டி, சுத்திகரிப்பு முடிந்து எழுந்ததும் "மயக்கமா வருது" என்றார். உடனிருந்த தொண்டர் அதை நினைவு தப்புவதாகத் தாதியிடம் சொல்லப் போனார். இன்னொரு தொண்டர், ஓர் இளைஞர், குனிந்து, "பாட்டி, கண்ணு இருட்டுதா, இல்ல தலை சுத்துதா?" என்று கேட்டார். "எழுந்தா மட்டும் கிறுகிறுன்னு வருது, உட்கார்ந்தா சரியாயிடுது" என்றார் பாட்டி. எழும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று தாதி பார்ப்பதற்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. இளைஞர் நோயைக் கண்டறியவில்லை. அது அவர் வேலையும் அல்ல. சரியாகக் கேட்டார், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இதைப் போன்றவற்றை அன்றிரவே தேதி போட்டு எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

---

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு பிள்ளைகள். இனி மருத்துவம் படிக்க நினைப்பது பேராசையா?
– ஒரு வாசகி, செராஸ், கோலாலம்பூர்

பதில்: பேராசை இல்லை, அம்மா. பட்டதாரிகளுக்கான கல்லூரிகளில் முப்பது வயதைக் கடந்தவர்கள் படிக்கிறார்கள். ஆனால் தேர்வும் விண்ணப்பமும் ஓராண்டு, படிப்பு நான்கு அல்லது ஐந்து ஆண்டு, அதன் பிறகு இரண்டு ஆண்டு கட்டாயப் பயிற்சி என்று வைத்தால், முழுப் பதிவு பெற்ற மருத்துவராகும்போது உங்களுக்கு 38 அல்லது 39 வயது. பயிற்சிக் காலத்தில் இரவு வேலை உண்டு. எந்த மாநிலத்துக்கும் அனுப்பப்படலாம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் பணியில் சேர்க்கப்படுகிறார்கள் என்பதால் நிரந்தர வேலையையும் கையில் இருப்பதாகக் கணக்கிட முடியாது. இவற்றையெல்லாம் கணவரோடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடும் மனம்விட்டுப் பேசுங்கள். அவர்கள் சம்மதித்தால், அடுத்த வாரமே எஸ்பிஎம் சான்றிதழையும் பட்டச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் நினைக்கும் இரண்டு கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரில் போய், தகுதி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கி வாருங்கள்.