மூணு தடவையில் முடிந்த வேலைக்கு நாலு வருஷப் படிப்பா?

வணக்கம் அம்மா.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் நர்சிங்கா பி.காமா, கட்-ஆஃப் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடும். காசிமேட்டிலிருந்து நீங்கள் எழுதியது வேறு ரகம். பதினேழு வயதாகியும் கீச்சென்று இருந்த மகனின் குரலை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் மூன்றே தடவையில் சரி செய்துவிட்டார். கூடப் போன அக்கா அதைப் பார்த்துவிட்டு, குரல் நோய்களில் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூணு தடவையில் முடிந்த வேலைக்கு நாலு வருஷப் படிப்பா என்று அவள் அப்பா கேட்கிறார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடையும்போது குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சிலருக்கு உறுப்பு சரியாக வளர்ந்திருந்தும் கழுத்துத் தசைகள் குரல்வளையை மேலேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய குரலே தொடரும். உங்கள் மகனை இருமச் சொல்லி, முனகச் சொல்லி, தொண்டைக் குருத்தெலும்பை விரலால் மெல்லக் கீழே அழுத்தியிருப்பார்கள். திடீரென்று கனத்த குரல் வெளியே வந்திருக்கும். அவனே பயந்துபோயிருப்பான். வெளியே தெரிவது இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால், இது ஹார்மோன் குறையா, நரம்புக் கோளாறா, நாணில் ஏதாவது வளர்ச்சியா, வெறும் பழக்கமா என்று பிரித்தறிந்திருக்க வேண்டும். பயிற்சியிலும் இறங்காத குரலுக்கு என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஓர் அறுவை சிகிச்சை உண்டு. கியோட்டோவில் இஷிக்கி என்ற மருத்துவர் 1974இல் வகைப்படுத்திய நான்கு குரல்வளை அறுவைகளில் மூன்றாவது அது. யாருக்குக் கத்தி தேவையில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நாலு வருஷம்.

இப்போது ஆராய்ச்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் நினைவுக்கு வரும். குரல் துறையில் விஷயம் இன்னும் எளிமையானது. எல்லோரும் நம்பிச் செய்கிற ஒன்று உண்மையிலேயே பலன் தருகிறதா என்று முறையாகப் பார்ப்பதுதான் வேலை.

என் கதையையே சொல்கிறேன். பள்ளி பள்ளியாகப் போய் மைக் இல்லாமல் கத்திக் கத்தி எனக்குக் குரல் போனது. ஒரு டாக்டர் தொண்டைக்குள் ஸ்கோப் விட்டுக்கூடப் பார்க்காமல், வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வேறொருவர் பார்த்து, நாண்களில் சின்ன முடிச்சுகள் என்றார். நீண்ட நாள் தொண்டைத் தொந்தரவுக்கு அந்த மாத்திரை உதவுகிறதா என்று பிரிட்டனில் 346 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, 16 வாரம். இரு தரப்புக்கும் ஒரே அளவு பலன். 2021இல் முடிவு வெளியானது. நெஞ்செரிச்சலுக்கு அந்த மருந்து நல்ல மருந்துதான், யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் குரல் பாதித்த 44 ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடம்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக். இன்னொன்றுக்குத் தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள் என்ற வழக்கமான அறிவுரை. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்து மைக் குழுவுக்குத்தான் தெளிவான முன்னேற்றம். அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. 2002இல் வந்தது. அறிவுரை சொல்லியே பிழைக்கும் எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வலித்தது, அது வேறு விஷயம். இப்போது இடுப்பில் மைக் கட்டிக்கொண்டுதான் வகுப்பெடுக்கிறேன்.

உங்கள் மகளுக்கு இதில் என்ன இடம் என்று கேட்பீர்கள். குரல் கெட்டதால் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, 1997இல் வந்த 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகமெங்கும் பயன்படுகிறது. அதில் ஒரு கேள்வி: வீட்டுக்குள் நான் கூப்பிட்டால் குடும்பத்தாருக்குக் கேட்பது சிரமமாக இருக்கிறதா? ஒற்றை அறை வீட்டில் இதற்கு என்ன பதில் சொல்வது? விடியற்காலை மீன் ஏலத்தில், என்ஜின் சத்தத்துக்கும் ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் மேலே உங்கள் வீட்டுக்காரர் குரல் எட்டுகிறதா, மாலைக்குள் அடைத்துப்போகிறதா என்பதல்லவா கேட்க வேண்டியது? எம்.சி. ரோட்டில் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடும் பையன், கானா பாடுகிறவர், நாற்பது பிள்ளைகளை மேய்க்கும் டீச்சர் என்று குரலை வைத்தே சோறு தின்கிறவர்கள் நடுவில் வளர்ந்த பெண் அவள். அந்தப் படிவத்தில் எது பொருந்தவில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குரல் நாண்களை முதன்முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்து 1855இல் எழுதிய மானுவல் கார்சியாவும் டாக்டர் இல்லை. பாட்டு வாத்தியார்.

சரி, வழி என்ன? பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டப்படிப்பு. காது கேட்பது, பேச்சு இரண்டும் அதில் வரும். கடைசி ஒரு வருடப் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டுகள். முடித்து ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நோயாளியைத் தொடலாம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். போரூர் ராமச்சந்திராவில் உண்டு, ஆனால் தூரமும் கட்டணமும் வேறு கணக்கு. மைசூரில் 1965இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, கேட்பியல் நிறுவனம் இருக்கிறது. இந்தத் துறையில் நாட்டிலேயே பெரிய பெயர். வெளியூர் அனுப்ப மனம் ஒப்பினால் அங்கும் விண்ணப்பியுங்கள். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாமல், இந்த வருடப் புராஸ்பெக்டஸைப் படியுங்கள். ஆராய்ச்சி அப்புறம்தான் வரும். இரண்டு வருட முதுகலையில் முதல் ஆய்வு, பிறகு பிஎச்.டி.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸையும் பார்த்தேன். ‘ஆறே மாதத்தில் கிளினிக்கல் ரிசர்ச், நூறு சதவீத வேலை.’ அதை ஓரமாக வையுங்கள். அது மருந்து கம்பெனி ஆய்வுகளில் காகிதம், தரவு பார்க்கும் வேலைக்கான பயிற்சி. தப்பான வேலை இல்லை. ஆனால் அதை முடித்தவர் ஒருவரின் குரலுக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. பெயரில் ‘ரிசர்ச்’ இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலைகளில் பெரும்பகுதி பேச்சு தாமதமான குழந்தைகள், காது கேளாத குழந்தைகள் பக்கம்தான். குரலுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் குறைவு. முதல் சில வருடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே குரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை நீங்களும் நானும் சொல்ல முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை வையுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘பிராட்’ என்ற மென்பொருள் இலவசம். தம்பியை ‘ஆ’ என்று இழுக்கச் சொல்லிப் பதிவு செய்து, குரல் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று பார்க்கட்டும். வளர்ந்த ஆணுக்கு நூற்றுச் சொச்சம், பெண்ணுக்கு இருநூறை ஒட்டி வரும். பத்து நாள் தினமும் எடுத்து ஒரு நோட்டில் எழுதட்டும். தம்பியிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூடாது. ஆய்வு நெறி என்று பிற்பாடு பெரிய புத்தகத்தில் படிப்பதன் தொடக்கமே அதுதான். பத்தாம் நாளும் அலுக்காமல் உட்கார்ந்தால் விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘அவருக்கே பொங்கலிலிருந்து தொண்டை கரகரன்னுதான் இருக்கு, பீடியை விட மாட்டேங்கிறார்.’ கரகரப்பு நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையை ஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பு மூன்று மாதம் என்றிருந்ததை அவர்களே குறைத்தார்கள். புகைக்கிறவர் என்றால் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஏலக் கத்தல்தான் காரணமாக இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். கல்லூரி விண்ணப்பம் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். நாளைக் காலையிலேயே அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஈ.என்.டி. ஓ.பி.யில் சீட்டு வாங்குங்கள். மகளும் கூட வரட்டும்.