லின்டன் க்வெசி ஜான்சனின் 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி' கவிதையா, இசை போட்ட கோஷமா?

ஜான்சன் ஜமைக்காவில் பிறந்த லண்டன் கவிஞர், தன் கவிதைகளை ரெக்கே இசையோடு சொல்லிப் பதிவு செய்த தொகுப்பு இது. இதை நீங்கள் மொபைல் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "பெரிதாக இசையே இல்லை, ஒரே பேச்சு, ஒரே அரசியல், இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதை வைத்துச் சொல்கிறேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிதாரின் கனமான அடி ஒலி வரவே வராது. பேஸ் போனால் இந்தத் தொகுப்பில் பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது கோஷம் மாதிரிதான் கேட்கும்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. ஒலிப்பதிவு என் தொழில், அதற்கு முன் ஊரில் சவுண்டு சர்வீஸ். லண்டனில் இருந்து வந்த நண்பர் ஒருவர் பென்டிரைவில் இதைக் கொடுத்தார். திருவிழாவுக்கு பாக்ஸ் கட்டி முடித்து, செக் பண்ணுவதற்காக இதில் இருக்கும் 'சன்னிஸ் லெட்டா' (சன்னியின் கடிதம்) பாட்டைப் போட்டேன். ஹார்மோனிகா தொடங்கி, பேஸ் உள்ளே வந்ததும் செட்டு வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு வரி புரியவில்லை. "அண்ணே, யாரோ செத்துட்டாங்களாண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், செத்துத்தான் போயிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம் அது. தம்பியோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான். போலீஸ் வேன் வந்து, காரணம் சொல்லாமல் தம்பியைப் பிடித்து அடிக்கிறது. இவன் தடுக்கப்போய், ஒரு போலீஸ்காரர் விழுந்து இறந்துபோகிறார். தம்பி மேல் சந்தேகக் கேஸ், இவன் மேல் கொலைக் கேஸ். அடி விழும் இடத்தில் வரிகள் சின்னதாகி, ஒவ்வொன்றும் ஒரு அடியாக இறங்கும். ஜான்சன் அங்கேயும் கத்தவில்லை. குரல் நிதானமாகவே போகிறது, கோபத்தை பேஸ் சுமக்கிறது. எழுதும்போதே மனசுக்குள் ஒரு பேஸ் ஓடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கோஷம் போடுகிறவர் இப்படி எழுத மாட்டார்.

அந்தச் சந்தேகக் கேஸ் கற்பனை இல்லை. 'சஸ்' என்று அழைத்தார்கள். 1824-ல் நாடோடிகளை அடக்கப் போட்ட சட்டத்தை வைத்து, 1970களில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொகுப்பு வந்தது 1979. சட்டப்பிரிவை நீக்கியது 1981. பாட்டு வந்ததால்தான் சட்டம் போனது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். அதற்காகப் பெற்றோர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்கள் போலீஸுக்கு எதிராகக் கொதித்தெழுந்த கலவரமும் அதே 1981-ல்தான்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாரும் ஜான்சன் பெயரைச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டும். ஆனால் இந்த இசையைக் கட்டி, மிக்ஸிங் போர்டில் உட்கார்ந்த டென்னிஸ் போவெல் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பார்படோஸில் பிறந்தவர், மட்டும்பி என்ற ரெக்கே இசைக்குழுக்காரர். லண்டனில் சவுண்டு சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர்கள் கட்டி ரெக்கார்டு போட்டு ஆட வைப்பது) நடத்தியவர். 1974-ல் அவர் இசை போட்டுக்கொண்டிருந்த கிளப்புக்குள் போலீஸ் புகுந்து, கடைசியில் அவரையே சிறையில் தள்ளினார்கள். மேல்முறையீட்டில்தான் வெளியே வந்தார். அப்படிப்பட்டவர் 'சன்னிஸ் லெட்டா'வுக்கு மிக்ஸ் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், இங்கே ஒரு கவிஞரின் தொகுப்புக்கு ராத்திரி பகலாக மிக்ஸிங் செய்தேன். பறை கலங்காமல், குரல் அமுங்காமல் வர ஒவ்வொரு டிராக்கையும் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். வெளியீட்டு விழாவில் மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கீழே மிக்சரில் நின்றிருந்தேன். அட்டையில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "இது கவிதைத் தொகுப்பு தம்பி" என்றார்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை, பேசியது வந்துவிட்டது. வேலை செய்தவன் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். "இது கவிதையா" என்று இங்கிலாந்திலும் அப்போதே கேட்டார்கள். ஜமைக்காப் பேச்சை வாயில் வருகிறபடியே எழுதியதால், கலகக்காரர்களையும் எழுத்தறிவில்லாதவர்களையும் உருவாக்குகிறார் என்று 1982-ல் ஸ்பெக்டேட்டர் இதழ் தாக்கியது. 2002-ல் பெங்குவின் பதிப்பகம் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவர் கவிதைகளைப் போட்டது. அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் அவர்தான். பெங்குவின் போட்டதால்தான் கவிதை ஆனது என்று நான் ஏற்கமாட்டேன். லண்டனின் சவுத்தால் பகுதியில் 1979 ஏப்ரலில் இனவெறியர்களுக்கு எதிரான போராட்டத்தில் அடிபட்டு இறந்த ஆசிரியர் பிளேர் பீச்சுக்காக அவர் பாடியதை (அது அடுத்த தொகுப்பான 'பேஸ் கல்ச்சர்') யாருடைய சான்றிதழும் இல்லாமல்தான் ஜனங்கள் கேட்டார்கள்.

நல்ல ஹெட்போன் கடன் வாங்கியாவது மறுபடி கேளுங்கள். அப்புறம் 1980-ல் வந்த 'எல்கேஜே இன் டப்' இருக்கிறது (எல்கேஜே என்பது ஜான்சன் பெயரின் சுருக்கம்). இந்த இரண்டு தொகுப்புகளின் பாட்டுகளில் பேச்சைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் எக்கோவையும் முன்னால் கொண்டுவந்தது. அதுவும் போவெல்லின் கைவேலைதான். "இசையே இல்லை" என்ற உங்கள் சந்தேகத்துக்கு அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.