பின்பக்கம் பெயர் எழுதுங்கள்

பழைய புகைப்படங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கும்பகோணத்தில் தன் அப்பா நடத்திய ஸ்டூடியோவில் டச்சிங்கும் (படத்தில் உள்ள குறைகளைக் கையால் திருத்துவது) கலரிங்கும் செய்தவர்.

கேள்வி: 1962-ல் நடந்த என் பெற்றோர் கல்யாணத்தின் குரூப் போட்டோ இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் விட்டு விட்டு வருகிறது. படத்தில் பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, மன்னார்குடி

உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன். உங்களுக்கு அவகாசம் குறைவு. படம் இன்னும் பல வருஷம் இருக்கும். அதில் இருப்பவர்களைத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான்.

படத்தைப் போனில் எடுத்து, ஒரு முழுத் தாளில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு நம்பர் கொடுங்கள். அந்தத் தாள் உங்களிடம் இருக்கட்டும். அசல் படம் அம்மா கையில். காலைப் பலகாரம் ஆன பிறகு, வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டிங் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். விரலை வைத்து “இது யாரு? இது யாரு?” என்று கேட்காதீர்கள். ஒரு பெயர் வராமல் போனால் அவர் மனசு வாடிவிடும். அடுத்த பெயரும் வராது. “பந்தல் எந்தத் தெருவில் போட்டது? சமையலுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? முகூர்த்தப் புடவை யார் போய் எடுத்தது?” என்று கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள். பேச்சோடு பேச்சாகப் பெயர்கள் வரும். “அது கொரடாச்சேரி அத்தை, அவளுக்கும் உங்க பாட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனாலும் வந்துட்டா” என்று ஆரம்பித்தார் என்றால், அந்தப் பெயரை விடவும் அந்த “ஆனாலும் வந்துட்டா” உங்களுக்குப் பெரிய சொத்து. அதையும் எழுதுங்கள்.

உட்கார்ந்திருக்கும் வரிசையும் உதவும். எங்கள் அப்பா நடு நாற்காலிகளில் மணமக்களை வைப்பார். பக்கத்தில் சம்பந்திகளும் தாய்மாமன்களும். பெண் வீட்டார் பெண் பக்கம், பிள்ளை வீட்டார் பிள்ளை பக்கம். முன்னால் ஜமுக்காளத்தில் குழந்தைகள். கடைசி வரிசையில் பெஞ்சில் ஏறி நிற்பவர்கள் அநேகமாக அப்போது கல்யாணமாகாத பையன்கள். எல்லா ஊரிலும் அச்சு அசலாக இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடையாளம் தெரியாத முகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால், எந்த வீட்டில் போய் விசாரிக்கலாம் என்று தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள்: கல்யாணத்துக்கு வந்திருந்தும் படத்தில் இல்லாதவர்கள் யார்? புருஷனை இழந்த பெண்களை மங்கல காரியம் என்று சொல்லி கேமரா முன்னால் வரவிடாத வீடுகள் நிறைய. இருபது பேருக்கு இலை போட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அந்த வீட்டையே தாங்கிய அத்தைக்கு ஒரு படம்கூட இருக்காது. டச்சிங் மேஜையில் எத்தனையோ கல்யாணப் படங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. படத்தில் இல்லாத அவருடைய பெயரையும் பின்பக்கம் எழுதுங்கள்.

எழுதுவது மெத்தென்ற பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் வேண்டாம். தடம் முன்பக்கம் முகத்தில் எழும்பும். மை அடுத்த படத்தில் ஒட்டும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாள் என்றால், படத்தை ஒரு காகித உறையில் போட்டு உறை மேல் எழுதுங்கள். “சின்ன சித்தி” என்று எழுதினால் உங்கள் பேத்திக்குப் புரியாது. பெயர், ஊர், யாருக்கு என்ன உறவு, மூன்றும் வேண்டும்.

கேள்வி: தேதி இல்லாத ஸ்டூடியோ படம். எந்த வருஷம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், திருவாரூர்

பின்பக்க ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த ஸ்டாம்ப் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது. பின்கோடு வந்ததே அன்றுதான். மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன் செய்த ஸ்டாம்பாக இருக்கலாம். ஆனால் பல ஸ்டூடியோக்கள் பழைய ஸ்டாம்பை வருஷக்கணக்கில் வைத்து ஓட்டினார்கள், ஞாபகம் இருக்கட்டும். உறைக்குள் ரசீது கிடந்து, அதில் நயா பைசா என்று போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம்.

கேள்வி: தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. 1979-ல் எடுத்த என் கல்யாணக் கலர் ஆல்பம் முழுக்கச் சிவந்துவிட்டதே, ஏன்? – வாசகி, திண்டுக்கல்

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி உலோகத்தின் நுண்துகள். கலர் பிரிண்டில் இருப்பது மூன்று சாயங்கள். அந்தக் காலத்துக் கலர் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் பீரோவுக்குள் இருட்டில் இருந்தாலும் மற்றதை விட முந்திக் கரைந்துபோகும். அது போனால் மிச்சம் சிவப்புதான். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நல்ல ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் நிறத்தைச் சமன் செய்தால் ஓரளவு மீளும். நெகட்டிவ் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

கறுப்பு வெள்ளையும் சாகா வரம் வாங்கியது இல்லை. ஹைப்போவை, அதாவது படத்தை நிலைநிறுத்தப் போடும் ரசாயனத்தை, சரியாகக் கழுவாத பிரிண்ட் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகும். எங்கள் டார்க் ரூமில் பிரிண்டுகள் ஓடுகிற தண்ணீரில் கிடந்துகொண்டே இருக்கும். அவசரம் என்று வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் அப்பா எடுக்க விடமாட்டார். உங்கள் தாத்தா படத்தையும் அப்படி ஒருவர் பொறுமையாகக் கழுவியிருக்கிறார்.

தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். சூடும் பசையும் படத்தோடு ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

கேள்வி: ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டது. உரித்து எடுக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

கூடாது. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்ற பசை போன்ற பொருள். மழைக்காலத்துச் சுவர் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். தண்ணீரில் ஊறப்போடச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பிரதிபலிப்பு விழாமல் எதிரே கறுப்புத் துணி பிடியுங்கள். புதிதாக ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவை இறந்த பிறகு நாற்காலியில் சார்த்தி எடுத்த படம் இருக்கிறது. அபசகுனம் என்று வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். – வாசகர், அரியலூர்

வேண்டாம், தம்பி. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர்களும், படம் எடுக்கக் காசு இல்லாதவர்களும் நிறைந்திருந்த காலம் அது. பலருக்கு வாழ்க்கையில் எடுத்த ஒரே படம் இறந்த அன்றைக்குத்தான். ஸ்டூடியோக்காரர் பெட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இருபுறமும் நிற்பார்கள். அதற்காகக் காசு திரட்டியவர்களுக்கு, இந்த முகம் நாளைக்கு வேண்டும் என்ற தவிப்பு இருந்திருக்கிறது. அதை மதியுங்கள்.

சில வீடுகளில் கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து தரச் சொல்வார்கள். அப்பா, வீட்டார் சொல்லும் அடையாளத்தை வைத்து, மகனின் கண்ணையும் பார்த்துப் பார்த்து வரைவார். அவ்வளவு அக்கறையாக வரைந்தாலும் அது அப்பா போட்ட கண்தான். ஆகவே வரைந்த பிரதியோடு வரையாத பிரதியையும் கையில் கொடுத்து அனுப்புவார். சுவரில் மாட்ட வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம் என்றால் ஒரு உறையில் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டோடு எங்கள் ஆல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மம்மாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம். ஏஐ-யில் கொடுத்துத் தெளிவாக்கிப் பெரிதாக்கலாமா? – வாசகி, ஸ்காபரோ

பெரிதாக்கலாம், அளவோடு. 1200 டிபிஐ-யில் (ஸ்கேனரில் வைக்கும் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்து போஸ்ட்கார்டு அளவு வரை போங்கள். கீறல், புள்ளி, முத்திரை மை, இவற்றை நீக்கலாம். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று அந்த மென்பொருள் செய்வது வேறு. படத்தில் இல்லாததை மற்ற மனிதர்களின் முகங்களிலிருந்து கற்றதை வைத்து நிரப்புகிறது. மேலே சொன்ன வரைந்த கண் கதைதான். நாளாக ஆக, உங்கள் மனதில் இருக்கும் அம்மம்மாவின் முகத்தை அந்தப் புது முகம் தள்ளிவிடும் என்பது என் பயம். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகமே இருக்கட்டும்.

அதை விட முக்கியமான வேலை ஒன்று சொல்கிறேன். படம் உங்கள் வீட்டில் மட்டும் இருந்திருக்காது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு (பெண் வயதுக்கு வந்த சடங்கு), பிறந்தநாள் என்று எடுத்த படங்களைக் கொழும்புக்கும் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் கடிதத்தோடு அனுப்பியிருப்பார்கள். 1995-க்கு முன்னரே வெளிநாடு போன சொந்தக்காரர்களின் ஆல்பங்களைக் கேளுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் பின்வரிசையையும் பாருங்கள். விருந்தாளியாக அம்மம்மா எங்காவது நிற்பார். உறவில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு (உங்கள் ஊரில் நினைவுப் புத்தகத்துக்கு அதுதானே பெயர்), நினைவு மலர் எல்லாவற்றிலும் குடும்பப் படமும் வம்ச விவரமும் இருக்கும். 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் அப்படிப்பட்ட மலர்களையும் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிடைத்ததும் யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் ஆல்பத்திலும் பெயர் தெரியாத முகங்கள் இருக்கும், உங்கள் அம்மாவுக்கு அவர்களைத் தெரிந்திருக்கலாம்.

கேள்வி: தஞ்சாவூரின் மிகப் பழைய புகைப்படங்கள் எவை? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இன்று நாம் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழையவற்றில் முக்கியமானவை, மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் எடுத்தவை. காகித நெகட்டிவ். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியிருக்கிறார். அவர் படங்களில் ஆட்கள் குறைவு. வெளிச்சத்துக்காக லென்ஸை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், நடந்து போனவர்கள் பதியவே இல்லை.

கேள்வி: காரைக்குடியில் என் தாத்தா நடத்திய ஸ்டூடியோவை மூடிவிட்டோம். கண்ணாடி நெகட்டிவும் பிலிமும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். – வாசகர், மதுரை

கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடியைச் சுரண்டி ஜன்னலுக்குப் போட்டதும், பிலிமை வெள்ளி எடுக்கக் கொடுத்ததுமாக எத்தனையோ ஊர்களின் முகங்கள் போயேபோய்விட்டன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

அதுவரை கண்ணாடிகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி, நடுவில் காகிதம் வைத்து நிறுத்துங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பளபளப்பில்லாத பக்கத்தைத் துடைக்கவே கூடாது. வினிகர் வாசனை அடிக்கும் பிலிம் கெட ஆரம்பித்தது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றதையும் கெடுக்கும்.

அப்புறம், ஸ்டூடியோவில் ஆர்டர் நோட்டுகள் இருந்திருக்கும். பழைய பேப்பரோடு அவை போய்விடாமல் பாருங்கள். நெகட்டிவ் உறையில் உள்ள நம்பருக்கு நேராக அந்த நோட்டில் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். இந்த வாரமே அந்த நோட்டுகளைத் தேடி எடுத்துப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடியுங்கள். புதுச்சேரிக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியாக, நோட்டுகளும் இருக்கின்றன என்று எழுதுங்கள்.